இழையை விழுங்கும்போது தெரிதா எங்கே நிற்கிறார்?

கேள்வி இது: "ஐயா, நான் காரைக்குடிப் பக்கம். முதுகலையில் பின்நவீனத்துவம் ஒரு தாள். 'பெருங்கதையாடல்கள் சரிந்துவிட்டன, உண்மை என்று ஒன்றில்லை, எல்லாமே பிரதிதான்' என்று வகுப்பில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பத்தா பிள்ளையார் நோன்புக்கு நூல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பின்நவீனத்துவம் மதத்தை ஒழித்ததா, இல்லை நாத்திகத்திடமிருந்து காப்பாற்றியதா? இறையியலில் அது என்ன மாற்றம் செய்தது? நம் ஊர் வழிபாட்டுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

தம்பி, முதலில் உங்கள் வகுப்புக் குறிப்பைக் கொஞ்சம் திருத்திவிடலாம். 'உண்மை என்று ஒன்றில்லை' என்று பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதார் சொல்லவில்லை, அவர் காலத்தவரான தெரிதாவும் சொல்லவில்லை. அவர்களைப் பிடிக்காதவர்கள் சொன்ன சுருக்கம் அது. பிறகு பிடித்தவர்களும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 1979இல் கனடாவின் கியூபெக் அரசுக்காக, கணினி வந்தபின் அறிவின் நிலை என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார் லியோதார். பின்நவீன நிலை என்பதை 'பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை' என்று அதில்தான் சுருக்கினார். அவநம்பிக்கையும் மறுப்பும் ஒன்றல்ல. கடன் கேட்டு வந்தவனை ஒரு மாதிரி பார்ப்பது வேறு, அப்படி ஓர் ஆளே இல்லை என்பது வேறு. வட்டிக்கடை வைத்துப் பிழைத்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெருங்கதையாடல் என்பது எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஒரே பெரிய கதை. அதைத் தெரிந்துகொள்ள ஐரோப்பா வரை போக வேண்டாம், பர்மா போதும். கணக்கு ஒழுங்காக இருந்தால், கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போனவன் நாணயமாக இருந்தால், மகமையைச் சாமிக்குத் தவறாமல் எடுத்து வைத்தால் பணம் பெருகும், வம்சம் தழைக்கும் என்பது நம் முன்னோரான நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழ்ந்த கதை. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் அவர்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, அடமானமெல்லாம் நிலமாகவே வந்து சேர்ந்து 1937க்குள் அது சுமார் 25 சதவீதம் ஆயிற்று. பணம் கேட்டவர்களுக்கு மண் வந்தது. 1942இல் ஜப்பான் படை வந்ததும் மண்ணும் போயிற்று. அரக்கான் வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். கணக்கில் தப்பே இல்லை, ஆனால் கணக்கு பொய்த்துவிட்டது. ஐரோப்பியர்களுக்கு அந்த அடியைக் கொடுத்தவை இரண்டு உலகப் போர்களும் நாஜி வதைமுகாம்களும் சோவியத் முகாம்களும். பகுத்தறிவு வளர வளர மனிதன் விடுதலை அடைவான் என்ற கதையை அதற்குப் பிறகு பழைய குரலில் அவர்களால் சொல்ல முடியவில்லை.

அடிபட்டது முதலில் கடவுள் அல்ல, பகுத்தறிவுதான் என்பதைக் கவனியுங்கள். கடவுளுக்கு அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஜெர்மன் மெய்யியலாளர் நீட்சே 1882இல் எழுதிய அந்தப் பித்தன் கதையில், பட்டப்பகலில் விளக்கை ஏற்றிக்கொண்டு சந்தைக்குள் வந்து "கடவுளைத் தேடுகிறேன்" என்று ஒருவன் கத்துகிறான். சுற்றி நின்று சிரிப்பவர்கள் பக்தர்கள் இல்லை, கடவுளை ஏற்கெனவே விட்டவர்கள். அவர்களிடம்தான் அவன் சொல்கிறான்: நாம்தான் கொன்றோம், கொன்றதன் கனம் உங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை என்று. கடவுள் இருந்த நாற்காலியில் 'பகுத்தறிவு', 'முன்னேற்றம்', 'வரலாறு' என்று வேறு வேறு ஆட்களை உட்காரவைத்துப் பழைய மரியாதையே செய்துகொண்டிருந்தது நவீன காலம். அந்த நாற்காலியையே சந்தேகப்பட்டதுதான் பின்நவீனத்துவம். அதனால் நாத்திகருக்கும் சங்கடம், ஆத்திகருக்கும் சங்கடம்.

நம் பக்கத்தில் இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெரியாரின் கடவுள் மறுப்பு பின்நவீனத்துவம் அல்ல, கலப்படமற்ற நவீனத்துவம். அறிவு என்ற ஒரே முழக்கோல் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று அவர் நம்பினார். மறுகரையில் நின்ற குன்றக்குடி அடிகளாரும் அப்படியே. ஆதீனத்தின் தலைவராக இருந்துகொண்டு கிராமத் திட்டம், கூட்டுறவு, கைத்தொழில் என்று உழைத்தவர் அவர், முன்னேற்றத்தை முழுக்க நம்பியவர். இருவருக்கும் கடவுள் விஷயத்தில்தான் சண்டை. பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது கொடுத்த திருநீற்றை மறுக்காமல் பூசிக்கொண்டார் என்று இந்தப் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். நெற்றியில் இருந்த அந்த நீறு நம்பிக்கையா, மரியாதையா, நட்பா? இந்த மூன்றில் ஒன்றில் டிக் அடித்தே ஆக வேண்டும் என்பவன் நவீனவாதி.

இனி இறையியலுக்கு வருகிறேன். கதவைத் திறந்துவிட்டவர் ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கர். மேற்கத்திய மெய்யியல் கடவுளை 'எல்லாவற்றுக்கும் முதற்காரணம், தனக்குத் தானே காரணம்' என்று ஒரு தூணாக நட்டுவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. 1957இல் அவர் எழுதியதன் சாரம் இது: அப்படிப்பட்ட கடவுள் முன்னால் மனிதன் வேண்டவும் முடியாது, படைக்கவும் முடியாது, மண்டியிடவும் முடியாது, வாத்தியம் வாசித்து ஆடவும் முடியாது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களிடம் 'முதற்காரணம்' பற்றி யாராவது பேசியிருக்கிறார்களா என்ன?

அந்தக் கதவு வழியே உள்ளே வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் ழான்-லூக் மரியோன். கடவுளை 'இருப்பு' என்ற கட்டத்துக்குள்ளேயே அடைக்க வேண்டுமா என்று 1982இல் ஒரு நூல் எழுதினார். இருக்கிறார், இல்லை என்ற இரண்டு சொற்களும் நாற்காலிக்கும் மேசைக்கும் பொருந்தும். அன்பாகத் தன்னைக் கொடுப்பவரை முதலில் அந்தச் சொற்களால் அளப்பானேன் என்பது அவர் கேள்வி. நம்மாழ்வார் 'உளனல்லன் இல்லையல்லன்' என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். மரியோன் அதற்கு ஒரு புத்தகம் எழுதினார். அதே நூலில் வெறும் விக்கிரகத்தையும் திருவுருவையும் அவர் பிரிக்கும் இடம் அருமை. விக்கிரகத்தில் நம் பார்வை போய் முட்டி நின்று, கண்ணாடிபோல் நம்மையே திருப்பிக் காட்டுகிறது. திருவுரு என்றால் அது நம்மைப் பார்க்கிறது.

இதைப் படித்துவிட்டு, அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கும் புரவியெடுப்புக்குப் போய்ப் பாருங்கள். வேளார் வீட்டு வாசலில் சூளையிலிருந்து எடுத்து வரிசையாக நிறுத்திய மண் குதிரை, கண் திறக்கும் வரை வெறும் மண். பையன்கள் அதன் மேல் துண்டைக்கூடப் போட்டுவைப்பார்கள். கண்ணைத் திறந்த மறுகணம் எதிரே யாரும் நிற்கமாட்டார்கள், ஒதுங்கிக்கொள்வார்கள். இப்போது அது பார்க்கிறது. ஊர்வலமாகப் போய் அய்யனார் கோயிலில் நின்ற பிறகு மழையில் காது போகும், கால் போகும், மண்ணோடு மண்ணாகும். யாரும் பழுது பார்ப்பதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். மரியோன் பேசியது கிறிஸ்துவைப் பற்றி, வேளார் குதிரையைப் பற்றி இல்லை. ஆனாலும் அவர் வரிகளை என் மண்டையில் ஏற்றியது அந்தக் குதிரைதான்.

தெரிதாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அவர் முறைக்கு நாம் வைத்த 'கட்டுடைப்பு' என்ற தமிழ்ச் சொல்லே நம் ஊரில் தப்பான படத்தைக் காட்டுகிறது. கட்டுடைப்பு என்றதும் நமக்குத் தெரிவது, பங்காளிகள் ஒத்துப்போகாமல் வீட்டைப் பிரித்து, பர்மாத் தேக்குத் தூணையும் நிலையையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விற்பது. தெரிதா செய்தது அது இல்லை. வீடு எப்படி நிற்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பும் பட்டாலையும் விருந்தாளிக்கு, வெளியாருக்கு, ஆண்களின் பேச்சுக்கு. பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் அங்கேதான். அடுப்பங்கரையும் பெண்களும் பின்கட்டில். முகப்புதான் வீடு, பின்கட்டு அதற்கு ஒத்தாசை என்று வீடே நம்மிடம் சொல்கிறது. ஆனால் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு, நோன்பு, பிறப்பு, சாவு என்று வீட்டை வீடாக்குகிற எதுவும் முகப்பில் நடப்பதில்லை, உள்ளேதான் நடக்கிறது. பின்னால் தள்ளியதன் மேல்தான் முன்னால் இருப்பது நிற்கிறது. இதைச் சுட்டிக்காட்டினால் வீடு இடிந்துவிடாது. ஆனால் முகப்பின் மிடுக்கு கொஞ்சம் குறையும்.

இறையியலிலும் அப்படி முகப்பும் பின்கட்டுமாக வைத்த இணைகள் நிறைய: ஆன்மா, உடல், வேதம், வழக்கு, நம்பிக்கை, சடங்கு. நம் தமிழ்ப் புலமை தன் பங்குக்குச் சேர்த்தது பெருந்தெய்வம், சிறுதெய்வம். கருப்பரைச் 'சிறு' என்று அளந்த கோல் யாருடையது என்று எண்பது, தொண்ணூறுகளின் சிற்றிதழ்க்காரர்கள் கேட்டார்கள். நிறப்பிரிகை போன்ற இதழ்களை அந்தக் காலத்தில் தேவகோட்டைக்கு வரவழைத்துப் படிப்பதே ஒரு பாடு. மொழிநடை பல்லை உடைக்கும். ஆனால் அந்த ஒரு கேள்விக்காகவே படிக்கலாம்.

தெரிதாவையும், கடவுள் எது இல்லை என்று மட்டுமே சொல்லும் எதிர்மறை இறையியலையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உடனே நம் பாடல்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் செய்தேன். அப்பர் பாடுகிறார்: 'இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்றெழுதிக் காட்டொணாதே.' எழுதிக் காட்ட முடியாது! எழுத்தைப் பற்றியே வாழ்நாள் முழுக்க யோசித்த தெரிதாவுக்கு இதைவிட நல்ல வரி கிடைக்குமா என்று ஒரு கருத்தரங்கில் உற்சாகமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஓதுவார் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அதுக்கு முந்தின வரியை விட்டுட்டீங்களே?" முந்தின வரி, 'அவனருளே கண்ணாகக் காணின் அல்லால்.' அருளைக் கண்ணாகக் கொண்டால் காணலாம், அது இல்லாமல் எழுதிக் காட்ட முடியாது என்பதுதான் பாட்டு. எனக்கு முகம் சுண்டிவிட்டது. தெரிதாவே இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார். எதிர்மறை இறையியல் 'இதுவல்ல, அதுவல்ல' என்று எல்லாவற்றையும் உரித்துக்கொண்டே போனாலும், கடைசியில் எல்லா இருப்புக்கும் மேலான ஓர் இருப்பைப் பத்திரமாக மடியில் முடிந்து வைத்திருக்கிறது, தன்னிடம் அந்த முடிச்சு இல்லை என்பது அவர் நிலை. அப்பரிடம் முடிச்சு இருக்கிறது, பெயர் அருள். மாணிக்கவாசகரிடமும் இருக்கிறது. 'ஒருநாமம் ஓருருவம் ஒன்றும் இல்லாற்கு ஆயிரம் திருநாமம் பாடி' என்கிறாரே, ஒரு பேரும் இல்லாதவருக்கு ஆயிரம் பேர் வைக்கத் துணிவது அந்த முடிச்சு இருப்பதால்தான். இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது ஒரு நல்ல இடம். ஆனால் அங்கேயே குடியிருக்கக் கூடாது.

உங்கள் அப்பத்தா எண்ணும் நூலைப் பற்றிக் கேட்டீர்களே, இந்த வரிசையில் உங்களுக்கு மிகவும் வேண்டியவர் அமெரிக்க லூத்தரன் இறையியலாளர் ஜார்ஜ் லிண்ட்பெக். 1984இல் வந்த அவர் நூலில், மதத்தை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்கிறார். உலகத்தைப் பற்றிய கூற்றுகளின் தொகுப்பு என்று பார்த்தால், சரியா தப்பா என்று விசாரிக்கலாம். உள்ளே ஊறும் ஓர் அனுபவத்தின் வெளிப்பாடு என்று பார்த்தால், எல்லா மதமும் அடியில் ஒன்றே என்று முடிக்கலாம். மூன்றாவது வழிதான் அவருடையது. மதம் ஒரு மொழி, கோட்பாடுகள் அதன் இலக்கணம். இலக்கணம் படித்துவிட்டு யாரும் தாய்மொழி பேச ஆரம்பிப்பதில்லை. பேசிப் பேசித்தான் அதற்குள் ஆளாகிறோம்.

எங்கள் வீட்டு வளவில் மார்கழி இரவு ஒன்றைச் சொல்கிறேன். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள். புதுக் கோடி வேட்டியிலிருந்து உருவிய 21 நூலைத் திரியாகத் திரித்து, அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த மாவில் செருகி ஏற்றுவார்கள். வயதில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் வாங்கி விழுங்க வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது. கல்லூரியில் அமெரிக்கப் பகுத்தறிவாளர் இங்கர்சாலைப் படித்துவிட்டு வந்த மிதப்பு. கப்பல் புயலில் மாட்டியதும், நாள் கணக்குக்காக உடுத்திய வேட்டியிலிருந்து தினம் ஓர் இழை உருவி வைத்ததும், இருபத்தொன்று சேர்ந்தபோது கரை தெரிந்ததும் இந்த நோன்புக்கு எங்கள் வீட்டில் சொல்லும் கதை. அடுத்த வீட்டில் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். "அப்பத்தா, இந்தக் கதை நெசமா?" என்று கேட்டேன். அப்பத்தா கையில் இழை எரிந்துகொண்டிருந்தது. "வாயைத் தொறடா, திரி அணையுது" என்றார்கள்.

அவ்வளவுதான் பதில். முப்பது வருடம் கழித்து லிண்ட்பெக்கைப் படித்தபோது அந்தச் சூடு நாக்கில் திரும்ப வந்தது. கதையில் ஒரு துறைமுகம் மாறினால் யாரும் கவலைப்படவில்லை. நூலில் இருபத்தொன்று இருபதாகிவிட்டால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி எண்ணினார்கள். கூற்று நெகிழும், செயல் நெகிழாது. மதம் என்றால் முதலில் நம்பிக்கை, பிறகு அதன் வெளிப்பாடாகச் சடங்கு என்று நாம் பள்ளிக்கூடத்தில் கற்ற வரிசை எங்கிருந்து வந்தது என்று மானிடவியலாளர் தலால் அசத் 1993இல் விசாரித்தார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் வழியில் போய், 'மதம்' என்று தனியே ஒரு சரக்கு உண்டு, அதன் உள்ளீடு மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கை என்ற எண்ணமே சீர்திருத்தக் கிறித்தவத்துக்குப் பிந்தைய ஐரோப்பாவில் உருவானது என்று காட்டினார். அப்பத்தா வாயிலிருந்து 'மதம்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. நோன்பு, படைப்பு, கும்பிடுறது, நம்ம வழக்கம், இவைதான் அவர்கள் சொற்கள்.

தெரிதா அல்ஜீரியாவில் பிறந்த யூதர். தாயார் நோயில் கிடந்த காலத்தில் எழுதிய ஒரு தன்வரலாற்றுக் குறிப்பில், தன் மகனுக்கு இன்னும் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்று அம்மா ஒருநாளும் தன்னிடம் நேரே கேட்கத் துணியவில்லை என்கிறார். அதிலேயே, தான் நாத்திகன் என்று கருதப்படுவது சரிதான் என்றும் எழுதுகிறார். 'நான் நாத்திகன்' என்று எழுதவில்லை, 'கருதப்படுகிறேன்' என்றுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அமெரிக்க மெய்யியலாளர் ஜான் கபூட்டோ 1997இல் அவரது பிரார்த்தனைகளையும் கண்ணீரையும் பற்றி ஒரு தடித்த நூலே எழுதிவிட்டார்.

அந்தக் கபூட்டோவும் இத்தாலியின் ஜான்னி வத்திமோவும் போன திசை வேறு. எல்லாம் வல்லவர் என்ற கடவுள் ஒரு பேரரசரின் சாயல். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பலவீனமான, கட்டளையிடாமல் அழைக்க மட்டுமே செய்கிற கடவுளை நினைக்க முடியுமா என்று பார்த்தார்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்து 'தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து' என்று வருவது இதற்கு வேர். நல்ல எண்ணம்தான். ஆனால் இரவில் கருப்பர் கோயில் பக்கம் போய், அரிவாளுக்கு எதிரில் நின்று "நீர் பலவீனமானவர்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவனுக்குக் கடவுளின் பலவீனம் ஆறுதலா, பலம் ஆறுதலா என்பது பாரிஸிலோ டூரினிலோ உட்கார்ந்து முடிவுகட்டக் கூடிய விஷயம் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பேரில் கிராமத்துப் பாட்டுக் கட்டிக் கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். 'பிதாவே' என்ற ஆண் அரியணை அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டது. அவருக்கு அதற்குத் தெரிதா தேவைப்படவில்லை, சேரிப் பேச்சு போதுமாயிருந்தது.

எதிர்முனையில் ஆங்கிலேய இறையியலாளர் ஜான் மில்பேங்க் போன்றவர்கள் பின்நவீனத்துவத்தைக் கூலிக்கு அமர்த்திய வக்கீலாக்கிக்கொண்டார்கள். மதச்சார்பற்ற சமூகவியலும் ஒரு கதையாடல்தானே, அப்படியானால் எங்கள் திருச்சபையின் கதையை ஏன் முழுக் குரலில் சொல்லக் கூடாது என்பது 1990இல் அவர் வைத்த வாதம். கெட்டிக்காரத்தனம். எனக்கு ஒட்டவில்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1998இல் நம்பிக்கையும் அறிவும் பற்றி எழுதிய சுற்றுமடலில் பின்நவீனத்துவச் சிந்தனையைக் குறிப்பிட்டு, அது அர்த்தமின்மைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும் அபாயத்தைச் சுட்டினார்.

அதிகாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முகப்போடு நின்றுவிடும். புனிதமான ஒன்றை யார் வைத்திருப்பது, யாருக்குச் சொல்வது, யாரை எட்ட நிறுத்துவது என்ற ஃபூக்கோவின் கேள்விக்கு நம் வட்டாரத்திலேயே பழைய சாட்சி உண்டு. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரப் பொருளைப் பெற்ற ராமானுசர், வெளியே சொன்னால் நரகம் என்று தெரிந்தும் ஊரறியச் சொன்னார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. அதே வட்டாரத்தில் இன்னொரு சாட்சி, தேவகோட்டை பக்கம் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேருக்கு நான்கு வடம், 'நாடு' எனப்படும் நான்கு ஊர்த்தொகுதிகளின் நாட்டார்: உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி. வடம் தொடும் உரிமையைத் தலித் மக்கள் கேட்டதும் தேர் வருடக்கணக்கில் நின்றது. இடையில் ஓடியும் நின்றும், கடைசியாக 17 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூனில் நீதிமன்றத் தலையீட்டோடும் பெரும் போலீஸ் காவலோடும் நகர்ந்தது.

இந்த இடத்தில்தான் 'எல்லாம் அவரவர் கதையாடல்' என்ற வகுப்பறைப் பின்நவீனத்துவம் முட்டிக்கொண்டு நிற்கும். நாட்டாருக்கும் ஒரு கதை உண்டு: மரபு, மரியாதை, முறை. வடம் கேட்டவர்களுக்கும் ஒரு கதை உண்டு. இரண்டும் கதை, இரண்டுக்கும் சம இடம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாமா? தெரிதா போகவில்லை. சட்டத்தைக் கட்டுடைக்கலாம், நீதியைக் கட்டுடைக்க முடியாது என்று 1989இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் சொன்னார். பின்னாளில் இறையியலாளர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் அந்த வாக்கியம்தான். வந்தே தீர வேண்டியது, ஆனால் இதோ வந்துவிட்டது என்று எவரும் மார்தட்ட முடியாதது, அவர் சொன்ன நீதி அந்த மாதிரி. தீர்க்கதரிசிகளின் வாசனை அதில் அடிக்கிறது.

சம இடம் கொடுக்கும் அந்தச் சோம்பலுக்கு வேறு வாடிக்கையாளர்களும் உண்டு. 'உங்கள் விஞ்ஞானம் மேற்கின் கதையாடல், எங்கள் புராணம் எங்கள் விஞ்ஞானம்' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு, விஞ்ஞானத்தைப் பற்றிய பின்நவீன விமர்சனம் நல்ல படிக்கட்டாக அமைந்தது என்று மீரா நந்தா 2003இல் எழுதினார். அவர் எல்லாரையும் ஒரே தராசில் போட்டுவிட்டார் என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஆனாலும் படிக்கட்டு அங்கே இருக்கிறது, ஏறிப் போகிறவர்களையும் பார்க்கிறேன்.

இன்னொரு வழுக்கலையும் சொல்லிவிடுகிறேன், கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்பது: 'செட்டிநாடு எப்போதுமே பின்நவீனம்தான்! முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், கீழே ஜப்பான் ஓடு, மேலே பர்மாத் தேக்கு.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டைக் கட்டியவருக்கு எதன் மேலும் சந்தேகம் இல்லை. தன் காசு, தன் குலம், தன் தெய்வம், பிரிட்டிஷ் சர்க்கார் எல்லாம் நிலைக்கும் என்று நம்பித்தான் சிப்பாயைச் சுதையில் நிறுத்தினார். பலதையும் சேர்த்து வைப்பதால் மட்டும் பின்நவீனம் ஆகாது. சேர்த்தது சரிந்து, அதன் பிறகும் வாழ்ந்தாக வேண்டியிருக்கும்போது வருவது அது. அந்தச் சுதைச் சிப்பாயின் மூக்கு உடைந்து, வீட்டுச் சாவி சிங்கப்பூரில் இருக்க, வருடத்துக்கு ஒருநாள் மட்டும் படைப்புக்காகப் பங்காளிகள் வந்து திறக்கிறார்களே, அந்த நாளை வேண்டுமானால் அப்படிச் சொல்லுங்கள். அன்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. வராமல் இருக்கவும் முடியவில்லை.

படிக்க ஆரம்பிக்கும் வரிசை கேட்பீர்கள். லியோதாரின் அறிக்கை சின்னது, முதலில் அது. பிறகு அசத், பிறகு லிண்ட்பெக். தெரிதாவைத் துணையில்லாமல் தொடாதீர்கள், கபூட்டோவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். மரியோனுக்கு முன்னால் ஆறாம் திருமுறையில் அப்பரின் அந்தப் பாட்டை முழுதாக, முந்தின வரியோடு படித்துவிடுங்கள். வரும் நோன்புக்கு இழை எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்வியின் அடியில் அது தெரிகிறது. அதை நான் சொல்லக் கூடாது. அப்பத்தாவுக்குக் கண் மங்கியிருந்தால் நூலை நீங்கள் எண்ணிக் கொடுங்கள். ஒன்று குறைந்தால் மறுபடி முதலிலிருந்து.